வரப்புத் தகராறில் அடிதடி வழக்கு: மூன்று வருடம் ஜெயிலா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இதுதான். வரப்பை வெட்டிய விவகாரத்தில் பக்கத்து வயல்காரருக்கும் உங்கள் தம்பிக்கும் வாய்த்தகராறு முற்றி, தம்பி கட்டையால் அடித்ததில் அவருக்குத் தலையில் நான்கு தையல். பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த புதிய தண்டனைச் சட்டத்தின் 296(பி), 115(2), 118(1), 351(3) ஆகிய நான்கு பிரிவுகளில் எப்.ஐ.ஆர். போட்டு, சார்ஜ்ஷீட்டும் தாக்கலாகி, ஜே.எம். கோர்ட்டிலிருந்து, அதாவது நீதித்துறை நடுவர் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்துவிட்டது. தம்பிக்கு 22 வயது, காவலர் தேர்வுக்குப் படிக்கிறான். மூன்று வருடம் என்கிறார்களே, இணையத்தில் ஏழு என்று இருக்கிறதே, எத்தனை வருடம் உள்ளே போக வேண்டியிருக்கும், சமாதானமாகப் போனால் முடிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வருடக் கணக்கைவிட உங்களை அதிகம் உறுத்துவது அவனுடைய போலீஸ் வேலை என்றுதான் எனக்குப் படுகிறது. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத் தலைநகரில் கிரிமினல் பக்கம் வழக்கு நடத்துகிற வக்கீல். அடித்தவருக்காகவும் நின்றிருக்கிறேன், அடிவாங்கியவருக்காகவும் நின்றிருக்கிறேன். சட்டம் என்ன சொல்கிறது என்று நான் எழுதும் இடங்களில் நீங்கள் உறுதியாக நம்பலாம். உங்கள் வழக்கு எப்படி முடியும் என்று சொல்லும் இடங்களில் அது என் அனுபவக் கணிப்பு மட்டுமே. சார்ஜ்ஷீட்டையும் மருத்துவச் சான்றையும் பார்க்காமல் அடித்துச் சொல்கிற வக்கீலை நீங்களும் நம்ப வேண்டாம்.

முதலில் அந்த மூன்று, ஏழு கணக்கு. 115(2) என்பது சாதாரணக் காயம் ஏற்படுத்தியது. பழைய இ.பி.கோ. 323 தான். அதிகபட்சம் ஒரு வருடம், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் அந்த அபராதம் வெறும் 1,000 ரூபாய். 118(1) பழைய 324, அதாவது ஆபத்தான ஆயுதத்தால் காயம்: மூன்று வருடம் வரை, அல்லது 20,000 வரை அபராதம், அல்லது இரண்டும். 351(3) பழைய 506(2), கொலை மிரட்டல்: ஏழு வருடம் வரை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 296(பி) பழைய 294(பி), பொது இடத்தில் ஆபாசமாகப் பேசியது: மூன்று மாதம் வரை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நீங்கள் இணையத்தில் பார்த்த ஏழு, அந்த மிரட்டல் பிரிவிலிருந்து வந்தது. இந்த நான்கில் எதற்குமே குறைந்தபட்சத் தண்டனை கிடையாது. எல்லாவற்றிலும் 'அல்லது அபராதம்' என்ற வழி திறந்தே இருக்கிறது. இன்னொன்று, உங்கள் வழக்கை விசாரிப்பவர் முதல் வகுப்பு நீதித்துறை நடுவர். அவர் எந்தப் பிரிவிலும் மூன்று வருடத்துக்கு மேல் சிறைத் தண்டனை கொடுக்க முடியாது. அதற்கு மேல் தேவை என்று நினைத்தால் தலைமை நீதித்துறை நடுவருக்கு அனுப்ப வேண்டும். அவரால் ஏழு வரை கொடுக்க முடியும். வரப்புச் சண்டையில் அப்படி அனுப்பி நான் பார்த்ததில்லை.

சரி, அப்படியானால் வழக்கு எங்கே தீர்மானமாகிறது? பெரும்பாலும் சண்டை நடந்த அன்றைக்கே, அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில். அடிபட்டவர் போனதும் டியூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டில் (ஆக்ஸிடென்ட் ரெஜிஸ்டர்) எழுதுவார். ஏ.ஆர். காப்பி என்று கோர்ட்டில் எல்லோரும் சொல்வது அதன் நகலைத்தான். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், தெரிந்த நபரா தெரியாத நபரா, எத்தனை பேர், எதனால் அடித்தார்கள் என்று கேட்டு ஒன்றிரண்டு வரியில் எழுதிவிட்டு, கீழே காயத்தின் இடம், நீளம், ஆழம். போலீஸுக்குப் போவதற்கு முன்பே, வக்கீலைப் பார்ப்பதற்கு முன்பே, வலியோடு சொன்ன வார்த்தைகள் என்பதால் அந்த இரண்டு வரிக்குக் கோர்ட்டில் தனி மரியாதை உண்டு. ஏ.ஆரில் 'தெரிந்த ஒரு நபர், கட்டையால்' என்றிருந்து, எப்.ஐ.ஆரிலும் அதுவே இருந்தால் அரசுத் தரப்பு பலமாக நிற்கிறது. ஏ.ஆரில் 'மூன்று பேர், கல்லால்' என்றிருந்து எப்.ஐ.ஆரில் 'ஒருவர், கட்டையால்' என்று மாறியிருந்தால், குறுக்கு விசாரணையில் பாதி வேலை அங்கேயே நடந்துவிடும். அதனால் நகல்கள் கையில் வந்ததும் முதலில் நீங்கள் பார்க்க வேண்டிய தாள் இதுதான்.

அடுத்து காயச் சான்றிதழ். அதில் டாக்டர் கடைசியாக எழுதும் கருத்து சாதாரணக் காயம் என்றா, கொடுங்காயம் என்றா என்பதைப் பாருங்கள். கொடுங்காயம் எது என்பதற்குச் சட்டத்திலேயே எட்டு வகை பட்டியல் இருக்கிறது. எலும்பு முறிவு, பல் உடைவது, முகத்தில் நிரந்தர விகாரம், கண் அல்லது காது போவது எல்லாம் அதில் வரும். அன்றாட வேலை செய்ய முடியாமல் 20 நாள் கிடந்தால் என்று பழைய சட்டத்தில் இருந்ததைப் புதிய சட்டம் 15 நாளாகக் குறைத்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், கையால் ஒரு குத்து விட்டு ஒரு பல் போனால் ஏழு வருடம் வரை போகக்கூடிய 117(2). கட்டையால் அடித்துத் தலையில் நான்கு தையல், எலும்புக்கு ஒன்றும் இல்லையென்றால் மூன்று வருடம் வரையிலான 118(1). அதே கட்டையால் எலும்பு முறிந்திருந்தால் 118(2): குறைந்தது ஒரு வருடம் சிறை, அதிகபட்சம் ஆயுள் வரை. இந்தக் குறைந்தபட்சம் பழைய 326-ல் இல்லை, புதிதாக வந்தது. உங்கள் வழக்கில் 118(1) மட்டும் போட்டிருப்பதால் எக்ஸ்ரேயில், ஸ்கேனில் எலும்பு முறிவு இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அது உங்களுக்குப் பெரிய ஆறுதல்.

மற்ற பிரிவுகள் எப்படி வந்தன என்று நீங்கள் குழம்ப வேண்டாம். நம் ஊர் அடிதடிப் புகார்களைப் படித்தால் ஒரே மெட்டில் இருக்கும்: 'வழிமறித்து, ஆபாச வார்த்தைகளால் திட்டி, கையால் அடித்து, கட்டையால் தாக்கி, உன்னை உயிரோடு விடமாட்டேன் என்று கொலை மிரட்டல் விடுத்தார்.' ஒவ்வொரு வினையெச்சத்துக்கும் ஒரு பிரிவு. சாதாரணக் காயம் மட்டும் என்றால் அது போலீஸ் தானாக வழக்குப் பதியும் குற்றம் இல்லை. நடுவரின் அனுமதி வேண்டும். கூட ஒரு ஆபாசப் பேச்சைச் சேர்த்தால் எப்.ஐ.ஆர். போட வழி கிடைக்கும். பழக்கமாகிப்போன முறை இது. ஆனால் விசாரணையில் நிற்பது கஷ்டம். வெறும் வசவு 294(பி) ஆகாது, கேட்பவர் மனதில் காமத்தைத் தூண்டும் தன்மை அந்தச் சொற்களுக்கு வேண்டும் என்று 2022-ல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கோபத்தில் சொன்ன 'உன்னை விடமாட்டேன்' எல்லாம் கொலை மிரட்டல் ஆகாது, எதிராளிக்கு உண்மையான அச்சத்தை உண்டாக்கும் நோக்கம் வேண்டும் என்பதும் உயர் நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் விஷயம். ஆகவே உங்கள் வழக்கின் முதுகெலும்பு 118(1) மட்டும்தான்.

இனி நடைமுறை. முதல் வாய்தாவில் தம்பி நேரில் ஆஜராகி, வக்காலத்து போட்டு, வழக்கு ஆவணங்களின் நகல்களை இலவசமாகப் பெற்றுக்கொள்வான். அன்றிலிருந்து 60 நாளுக்குள் விடுவிப்பு மனு, அதாவது சாட்சி விசாரணைக்கு முன்பே வழக்கிலிருந்து விடுவிக்கக் கேட்கும் மனு, போடலாம் என்று குற்றவியல் நடைமுறைக்கான புதிய சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா காலக்கெடு வைத்திருக்கிறது. முழு வழக்கிலிருந்தும் விடுவிக்கக் கேட்டால் கிடைப்பது அபூர்வம், காயமும் சாட்சியும் இருக்கிறதே. ஆனால் ஆபாசப் பேச்சும் மிரட்டலும் பொருந்தாது, கட்டை 'ஆபத்தான ஆயுதம்' என்ற வரையறைக்குள் வராது என்று வாதாட நல்ல இடம் இது. சட்டம் சொல்வது, ஆயுதமாகப் பயன்படுத்தினால் மரணம் விளைவிக்கக்கூடிய கருவி. கடப்பாரையும் கருவேலங்குச்சியும் ஒன்றாகிவிடாது. கட்டையின் நீளம், கனம் பற்றி மகஜரில், அதாவது போலீஸ் அதைக் கைப்பற்றியபோது சாட்சிகள் முன் எழுதிய தாளில், என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். 118(1) விழுந்து 115(2) மட்டும் நின்றால் வழக்கின் முகமே மாறிவிடும். ஏன் என்று கீழே வருகிறது.

அதற்குப் பிறகுதான் நடுவர் குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி, குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்பார். இந்த இடத்தில் கோர்ட் வராந்தாவில் ஒரு இலவச ஆலோசனை கண்டிப்பாகக் கிடைக்கும்: 'ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டுப் போங்க தம்பி, இல்லாட்டி நாலு வருஷம் அலையணும்.' டிரைவர் வேலை பார்க்கிறவர், கடை வைத்திருப்பவர் என்றால் நானே சில சமயம் அதைச் சொல்லியிருக்கிறேன். அவர்களுக்கு வாய்தாவுக்கு அலைவதுதான் உண்மையான தண்டனை. உங்கள் தம்பி அதைச் செய்யவே கூடாது. ஒப்புக்கொண்டு கட்டுகிற 2,000 ரூபாய் அபராதமும் தண்டனைத் தீர்ப்புதான். அதற்கு மேல், ஒப்புக்கொண்டவர் தண்டனையின் அளவையும் சட்டப்படியான தன்மையையும் எதிர்த்துத்தான் மேல்முறையீடு செய்ய முடியும். குற்றவாளி என்ற தீர்ப்பை எதிர்க்க முடியாது. சீருடைப் பணிக்கு விண்ணப்பிப்பவனுக்கு அந்த ஒரு தாள் போதும், எல்லாம் முடிந்தது.

சமாதானத்துக்கு வருவோம். ஊரில் பெரியவர்கள் பேசி முடித்து வெற்றிலை மாற்றிக்கொண்டால் கோர்ட்டில் வழக்கு தானாக முடிந்துவிடாது. வழக்கை நடத்துவது அரசு. சட்டத்திலேயே சமரசத்துக்குரிய குற்றங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. சாதாரணக் காயம் அதில் உண்டு. அடிபட்டவர் சம்மதித்தால் கோர்ட்டின் அனுமதிகூட வேண்டாம். கட்டையோ கத்தியோ இல்லாமல் ஏற்படுத்திய கொடுங்காயம் கோர்ட்டின் அனுமதியோடு உண்டு. மிரட்டலும் உண்டு. ஆனால் 118(1) கிடையாது. பழைய 324 ஒரு காலத்தில் கோர்ட்டின் அனுமதியோடு சமரசமாகக் கூடியதாக இருந்தது. பிறகு வந்த திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள். 296(பி)யும் பட்டியலில் இல்லை. ஆக, பல் உடைத்தவன் அனுமதி வாங்கிச் சமரசமாகப் போகலாம், கட்டையால் கீறியவன் போக முடியாது என்ற நிலை. இதில் என்ன நியாயம் என்று என்னைக் கேட்காதீர்கள். லோக் அதாலத்துக்கும் சமரசத்துக்குரிய குற்றங்கள்தான் போகும் என்பதால், 118(1) நிற்கும் வரை அந்த வழியும் அடைப்பு.

அப்படியானால் மிச்சம் இருப்பவை இரண்டு வழிகள். ஒன்று, உயர் நீதிமன்றத்தில் வழக்கையே ரத்து செய்யக் கோருவது. முன்பு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482 என்று சொல்வார்கள், இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528. தனிப்பட்ட தகராறு, சமூகத்துக்குப் பெரிய பாதிப்பு இல்லை, இரு தரப்பும் மனமொத்துச் சமரசம் ஆகிவிட்டார்கள் என்றால், பட்டியலில் இல்லாத குற்றமாக இருந்தாலும் ரத்து செய்யும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு உண்டு என்று 2012-ல் கியான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. கொலை, பாலியல் வன்முறை போன்ற கொடுங்குற்றங்களுக்கு இது பொருந்தாது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறது. உங்கள் மாவட்டத்தைப் பொறுத்து சென்னையிலோ மதுரைக் கிளையிலோ மனு போட வேண்டும். கூட்டுச் சமரச மனு, இருவரின் பிரமாணப் பத்திரம், அடையாள அட்டை எல்லாம் வேண்டும். அடிபட்டவர் ஆஜராகி, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல்தான் சம்மதித்தேன் என்று நீதிபதி கேட்கும்போது சொல்ல வேண்டும். போலீஸ் தரப்பு அவரை அடையாளம் காட்டும். செலவு ஆகும்தான். ஆனால் உங்கள் தம்பியின் நிலையில் இருப்பவருக்கு நான் முதலில் யோசிக்கச் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது வழி நம் கோர்ட்டுகளில் தினமும் நடப்பது, யாரும் வெளியே சொல்லாதது. வெளியில் சமரசம் ஆகிவிட்டபின் அடிபட்டவர் சாட்சிக் கூண்டில் ஏறி, 'யார் அடித்தது என்று தெரியவில்லை, இருட்டாக இருந்தது, போலீஸார் எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டேன்' என்பார். உதவி அரசு வழக்கறிஞர் (ஏ.பி.பி.) எழுந்து, அவரைப் பிறழ் சாட்சியாக, அதாவது தன் தரப்புக்கே மாறிப்போன சாட்சியாக அறிவித்துக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கேட்பார். நடுவர் கொடுப்பார். நாலு கேள்வி, நாலு 'சரியல்ல'. அரசுத் தரப்பு தன் வழக்கைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கவில்லை என்று விடுதலை. வழக்கு முடிந்ததே என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்டு பொய் சொல்வது குற்றம் என்பதால் நான் இதை ஒரு வழியாகச் சிபாரிசு செய்யவில்லை. உங்கள் தம்பிக்கு இது உதவாது என்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது.

தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகளில் 14(பி) என்று ஒன்று உண்டு. சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரும், புகார்தாரர் பிறழ் சாட்சியானதால் விடுதலையானவரும், குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார் என்று அதன் விளக்கம் நேராகவே சொல்கிறது. தேர்வு எழுதி, உடல் தகுதியிலும் தேறி, கடைசியில் காவல் சரிபார்ப்பில் நின்றுபோன பையன்களை நான் பார்த்திருக்கிறேன். கையில் விடுதலைத் தீர்ப்பு இருக்கும், அது எந்த வகை விடுதலை என்பதுதான் பிரச்சினை. மரியாதையான விடுதலைக்கும் வெறும் விடுதலைக்கும் வித்தியாசம் உண்டு என்று 2012-ல் தமிழ்நாட்டுக் காவலர் ஒருவர் சம்பந்தப்பட்ட வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சமரசத்தின் பேரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்த வழக்கு இதில் எந்தப் பக்கம் சேரும்? இங்கே நான் உறுதி கொடுக்க முடியாது. பட்டியலில் உள்ள குற்றம் கோர்ட்டில் சமரசமானால் அது விடுதலைக்குச் சமம் என்று சட்டமே சொல்கிறது. ரத்தான வழக்கில் குற்றச்சாட்டே இல்லாமல் போகிறது. இரண்டும் பிறழ் சாட்சி விடுதலையைவிட நல்ல நிலை. ஆனாலும் தேர்வுக் குழுமம் மறுத்து, அதை எதிர்த்து ரிட் மனு போட்டு அலைய வேண்டிய நிலை வரலாம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்த்து ஒன்று. விண்ணப்பத்திலும் சரிபார்ப்புப் படிவத்திலும் குற்ற வழக்கு ஏதும் உண்டா என்று கேட்டிருக்கும். 'இல்லை' என்று எழுதிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எப்.ஐ.ஆர். எண் அந்த ஸ்டேஷன் கணினியில் இருக்கிறது. மறைத்தது என்ற குற்றம் அடித்தது என்ற குற்றத்தைவிடப் பெரிதாகிவிடும். 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அற்பமான வழக்குகளை மறைத்ததை மன்னிக்க வேலை கொடுப்பவருக்கு விருப்புரிமை உண்டு என்றது உண்மைதான். ஆனால் அந்த விருப்புரிமையைப் போலீஸ் துறை தாராளமாகப் பயன்படுத்தும் என்று நம்பி இறங்கக் கூடாது.

சமரசம் கூடிவரவில்லை, முழு விசாரணை நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடிபட்டவர் அரசுத் தரப்பு முதல் சாட்சி. பிறகு நேரில் பார்த்தவர்கள், மகஜர் சாட்சிகள், டாக்டர், கடைசியில் விசாரணை அதிகாரி. டாக்டரும் எஸ்.ஐ.யும் ஊர் மாறிப் போயிருப்பார்கள். அவர்களுக்குச் சம்மன் போய்ச் சேர்வதற்குள்ளேயே வருடம் ஒன்று ஓடிவிடும். காயம்பட்ட சாட்சி சொல்வதற்குக் கோர்ட் அதிக மதிப்புக் கொடுக்கும் என்பது நிலைபெற்ற சட்டம். தன்னை அடித்தவனை விட்டுவிட்டு வேறு யாரையோ காட்டிக்கொடுக்க மாட்டார் என்பது அதன் அடிப்படை. எனவே அவர் உறுதியாக நின்றால் தண்டனை வர வாய்ப்பு நிஜமாகவே இருக்கிறது. ஓட்டை விழுவது பெரும்பாலும் கட்டையில்தான். சான்றுப் பொருள் ஒன்று என்று சீட்டுக் கட்டிய கட்டையை எடுத்துக் காட்டி, 'இதுதானா?' என்று ஏ.பி.பி. கேட்பார். சாட்சி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, 'இது மாதிரிதாங்க இருந்துச்சு' என்பார். கைப்பற்றிய மகஜரில் கையெழுத்துப் போட்டவர், ஸ்டேஷனில் வைத்துத்தான் போட்டேன் என்பார். 118(1) கரைந்து 115(2) மட்டும் மிஞ்சும் தீர்ப்புகள் இப்படித்தான் வருகின்றன.

குற்றவாளி என்று முடிவானால் அன்றே தண்டனை பற்றிக் கேட்பார்கள். 'முதல் தடவை, அப்பா இல்லை, அம்மாவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன்' என்று எல்லோரும் சொல்வதையே தம்பியும் சொல்வான். நடுவர் பார்ப்பது முன் வழக்கு உண்டா, முன்கூட்டியே திட்டமிட்டு ஆயுதத்தோடு வந்ததா அல்லது அந்த நேர ஆத்திரமா, காயம் எங்கே, எவ்வளவு, வழக்கு நடந்த காலத்தில் ஒழுங்காக வாய்தாவுக்கு வந்தானா என்பவை. தலையில் காயம் என்பது உங்களுக்குப் பாதகம். சாதாரணக் காயம் மட்டும் நிரூபணமானால் அபராதம், அல்லது 'நீதிமன்றம் கலையும் வரை' சிறை, அதாவது மாலை வரை கோர்ட் ஹாலில் உட்கார்ந்திருப்பது, இரண்டில் ஒன்றைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். 118(1) நிரூபணமானால் அபராதத்திலிருந்து சில மாதம், ஒரு வருடம் வரை எதுவும் வரலாம். நடுவருக்கு நடுவர் மாறும். புதிய சட்டத்தில் சமூக சேவைத் தண்டனை வந்திருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். அது சில குறிப்பிட்ட சிறு குற்றங்களுக்கு மட்டும்தான், அடிதடிக்கு இல்லை.

வக்கீல்கள் அவசரத்தில் கேட்க மறந்துவிடுகிற ஒன்று, 1958-ம் வருட நன்னடத்தைச் சட்டம். ஆயுள் தண்டனைக்கோ மரண தண்டனைக்கோ உரிய குற்றம் இல்லையென்றால், சிறைக்கு அனுப்பாமல் மூன்று வருடம் வரை நன்னடத்தைக்கு எழுதிக்கொடுத்து விட்டுவிடும்படி 4-ம் பிரிவில் கேட்கலாம். நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை கொடுப்பார். தம்பிக்கு 21 தாண்டிவிட்டதால் 6-ம் பிரிவின் கூடுதல் பாதுகாப்பு கிடைக்காது. 4-ம் பிரிவு கிடைக்கும். இந்தத் தீர்ப்பினால் தகுதியிழப்பு எதுவும் வராது என்று 12-ம் பிரிவு சொல்வதை வைத்துச் சிலர் வேலைக்கும் ஆபத்து இல்லை என்பார்கள். குற்றவாளி என்ற முடிவு அழிவதில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், போலீஸ் வேலை விஷயத்தில் நான் அதை நம்ப மாட்டேன். மூன்று வருடத்துக்கு மேற்படாத தண்டனை வந்து, அவன் பெயிலில் இருந்தால், மேல்முறையீடு செய்வதற்காக அதே கோர்ட்டே தண்டனையை நிறுத்தி வைத்து வெளியே விடும். 30 நாளுக்குள் செஷன்ஸ் கோர்ட்டில் மேல்முறையீடு. அதனால் தீர்ப்பு நாளன்றே நேராக ஜெயில் என்ற பயம் இந்த வழக்கில் தேவையில்லை.

அவரும் தம்பியை அடித்தார், நாங்கள்தான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது நஷ்டம்தான். இரு தரப்பும் புகார் கொடுத்திருந்தால் இரண்டையும் ஒரே அதிகாரி விசாரித்து, யார் முதலில் கை வைத்தது என்று கண்டுபிடித்து முடிவெடுக்க வேண்டும் என்று போலீஸ் நிலையாணை 588-ஏ சொல்கிறது. ஏ.ஆர். இல்லை, புகார் கொடுத்ததற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதும் இல்லை என்றால் தற்காப்பு வாதத்துக்குப் பிடிமானம் குறைவு. இப்போது போய்ப் பின்தேதியில் ஏதாவது சான்று தயார் செய்யலாம் என்று யாராவது கிளப்பினால் வீட்டுக்குள் விடாதீர்கள்.

சமரசம் பேசப் போகும் விதத்தையும் பாருங்கள். நான்கு தையல் போட்டவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு, வேலைக்குப் போகாத நாட்கள், தலையில் ஒரு தழும்பு, ஊரில் அடிவாங்கியவன் என்ற பெயர் எல்லாம் இருக்கின்றன. நான் பார்த்த வரையில் இத்தகைய வழக்குகள் பணத்தில் முறிவதைவிட மரியாதையில்தான் அதிகம் முறிகின்றன. 'எவ்வளவு வேணும்' என்று ஆரம்பிப்பவரிடம் யாரும் இறங்கி வருவதில்லை. வரப்பு எங்கே என்று சர்வேயரை வைத்து அளந்து கல் நட்டுவிட்டால் பாதி கோபம் தணியும். தம்பி நேரில் போய் நிற்க வேண்டாம். பெயில் நிபந்தனை என்ன என்று பார்த்துவிட்டு, இருவருக்கும் வேண்டிய ஒரு பெரியவரை அனுப்புங்கள். சாட்சியை மிரட்டினார்கள் என்று ஒரு புகார் வந்தால் பெயிலும் போகும், புதிதாக ஒரு வழக்கும் வரும். அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர், நீங்கள் அல்ல என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றித் தனியாகக் கேளுங்கள். அது வேறு கோர்ட், வேறு கணக்கு.

அடுத்த வாய்தாவுக்குள் செய்ய வேண்டியது அதிகமில்லை. நகல்கள் கிடைத்த தேதியைக் குறித்து வையுங்கள். 60 நாள் அதிலிருந்துதான். ஏ.ஆர். காப்பி, காயச் சான்றிதழ், எப்.ஐ.ஆர். நடுவரிடம் போய்ச் சேர்ந்த நேரம், கட்டையைக் கைப்பற்றிய மகஜர் ஆகிய நான்கையும் தனியே எடுத்து வக்கீலிடம் கொடுத்து, 118(1) நிற்குமா என்று மட்டும் முதலில் கேளுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள், இலவசமாக அமர்த்துவார்கள். தம்பி ஒரு வாய்தாகூடத் தவறக் கூடாது. தேர்வு நாளும் வாய்தாவும் மோதினால் முன்கூட்டியே ஆஜராகாமைக்கு மனு போட்டுவிடுங்கள். பிடியாணை பிறப்பித்துவிட்டால் அதைத் திரும்பப் பெறவே தனியாக ஒரு நாள் கோர்ட்டில் நிற்க வேண்டியிருக்கும்.